புதிய ஆப்பிள் ரகத்தை உருவாக்கி விவரிக்கும் முறை

ஆப்பிள் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. விதையில் முளைக்கும் ஒவ்வொரு கன்றும் தாயிலிருந்து வேறுபட்டே நிற்கும் என்பதால், பெற்றோரைத் தேர்ந்து இணைப்பது மட்டுமே நம் கையில் உள்ளது. தாய் மரத்தின் மொட்டு நன்கு உப்பி, ஆனால் இதழ் விரியாத நிலையில், சாமணத்தால் இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் நீக்கிவிட்டு, தந்தை ரகத்தின் உலர்ந்த மகரந்தத்தைச் சூல்முடிகள் ஐந்திலும் சிறு தூரிகையால் தடவி, அப்போதே பெயர்ச்சீட்டைக் கட்ட வேண்டும். சீட்டில் அலட்சியம் கூடாது: ‘ஹனிகிரிஸ்ப்’ ரகத்தின் பெற்றோர் மக்கூன், ஹனிகோல்டு என்று பதிவாகியிருந்ததைப் பின்னாளில் மரபணுச் சோதனை மறுத்தது.

பழுத்த கனியின் விதைகளை ஈரமணலில் கலந்து, 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிரில் ஏறத்தாழ 3 மாதம் வைத்திருந்து விதைக்கலாம். கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும், அதன் கிளைத்துண்டை எம்.9 போன்ற குட்டை வேர்ச்செடியில் (வேர்ப்பகுதியாக அமைந்து மரத்தைக் குட்டையாக வைக்கும் செடி) ஒட்டினால் காத்திருப்பு குறையும்.

விவரிக்கும்போது ‘சுவையானது’ என்றெழுதிப் பயனில்லை. அருகிலேயே வளரும் அறிந்த ரகம் ஒன்றுடன் ஒப்பிட்டு, பூக்கும் காலம், கனியின் வடிவம், தோலின் அடிநிறமும் (தோல் முழுதும் உள்ள அடிப்படை நிறம்) அதன்மேல் படரும் மேல்நிறமும், காம்புக்குழியைச் சுற்றிய பழுப்புச் சொரசொரப்பு, சதையின் நிறம், அறுவடைக் காலம், சேமிப்பில் தாங்கும் நாட்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஒட்டுக்கட்டிய மரங்களிலும் அதே பண்புகள் பல பருவங்களுக்கு மாறாமல் வருகின்றனவா என்று பார்த்த பின்னரே பெயர் சூட்டலாம்.