பழங்காசை வைத்து வணிகக் கதை சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

மண்ணுக்கடியில் ஒரு காசு கிடைத்ததும், அதில் எந்த அரசனின் தலை இருக்கிறது என்று பார்த்து, அவன் காலத்தில்தான் வணிகம் நடந்தது என்று எழுதிவிடுகிறார்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். தலை சொல்வது அச்சடித்த காலத்தை மட்டும். காசு கைமாறிய காலத்தை அல்ல.

தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற ரோமானியப் பேரரசர்கள் வெளியிட்டவை. அப்படியானால் கி.பி. 37-இல் திபேரியஸ் இறந்ததும் கப்பல் வருவது நின்றுபோனதா? சேரநாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து ஹெர்மபோலன் என்ற கப்பல் ஏற்றிச்சென்ற சரக்கின் கணக்கு ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணத்தில் இருக்கிறது. அது கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. சரக்கின் மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்டியஸ் (ரோமானிய நாணய அலகு). ஆக, வணிகம் நிற்கவில்லை. கி.பி. 64-இல் பேரரசர் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் மாற்றையும் குறைத்தார். அதன் பிறகும் இங்கே பழைய காசுக்குத்தான் மவுசு என்பதே பொருத்தமான விளக்கம். மாற்றுக் குறைந்த வெள்ளியை எந்த வியாபாரி விரும்பி வாங்குவான்?

அடுத்து, வெட்டுத்தடங்கள். காசின் மேல் உளி பட்டிருந்தால் 'யாரோ பாழாக்கிவிட்டார்கள்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். எகிப்திலும் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான லெவன்ட்டிலும் கிடைத்த, கிரேக்க நகரமான ஏதென்ஸின் ஆந்தை பொறித்த வெள்ளிக்காசுகள் பலவற்றில் ஆழமான வெட்டு இருக்கும். 17 கிராம் வெள்ளி என்று நம்பி வாங்கியபின் உள்ளே செம்பு இருந்தால்? அந்தப் பயத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் போட்ட வெட்டுதான் அது. ஏதென்ஸிலேயே கி.மு. 375-ஐ ஒட்டி வந்த ஒரு சட்டம், சந்தையில் பணம் மாற்றுவோரின் மேசைகளுக்கு நடுவே காசு சோதிக்கும் அரசு அடிமை ஒருவரை உட்கார வைத்தது. உள்ளே செம்போ ஈயமோ தெரிந்தால் அங்கேயே வெட்டிவிடுவார்.

இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்டியஸ் போகிறது என்ற ரோமானிய எழுத்தாளர் பிளினியின் புலம்பலையும் அப்படியே கணக்கேடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆடம்பரம் பிடிக்காத மனிதர் அவர். காசோடு மது, பவளம், செம்பு, ஈயம் எல்லாமும்தான் கப்பலேறின.

அப்புறம் அந்தப் பழைய பாட்டு: காசு வருவதற்கு முன் வெறும் பண்டமாற்றுதானாம். இன்றைய துருக்கியின் மேற்கிலிருந்த லிடியாவில் முதல் காசுகள் வந்தது கி.மு. 7-ஆம் நூற்றாண்டில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக் பகுதி) வெள்ளிச் சுருளிலிருந்து வேண்டிய அளவு வெட்டி, தராசில் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எடைக்கு ஷெகல் என்று பெயர்; ஒரு ஷெகல் என்றால் சுமார் 8 கிராம்.