சென்னையிலிருந்து ஸ்ட்ராபெரிப் பருவத்தைக் கணிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை தொடங்கும்போதே சென்னையின் அடுமனைகளில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கேக்குகளுக்கான கணக்கும் தொடங்கிவிடும். ஸ்ட்ராபெரி எப்போது வரும், எவ்வளவு வரும், விலை எங்கே போய் நிற்கும் என்ற மூன்று கேள்விகளும் அந்தக் கணக்கில் தவறாமல் இடம்பெறும். ஒரு சிறிய அடுமனைக்குச் சில ஆண்டுகள் பழம் வாங்கிக் கொடுத்த அனுபவத்தில், இக்கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களில் பாதிக்கு மேல் பிழையானவை என்று ஒப்புக்கொள்கிறேன். பழம் விளையும் ஊரின் நாட்காட்டியைப் பார்க்காமல், பழம் விற்கும் ஊரின் வானத்தைப் பார்த்ததே அந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

சென்னையில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் "இந்த வருஷம் ஸ்ட்ராபெரி போச்சு" என்று சொல்லிவிடுவது இவற்றுள் மிகப் பரவலானது. இந்தியாவில் விளையும் ஸ்ட்ராபெரியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் உள்ள மகாபலேஷ்வர், அதையடுத்த பஞ்சகனி, வாய் வட்டாரங்களிலிருந்து வருகிறது. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மலை ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைவது; ஓர் ஆண்டில் அங்கே 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். நமக்கு வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பரில் அங்கே வானம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். ஆகவே நம் தெருவில் தேங்கும் நீருக்கும் அங்குள்ள பாத்திகளுக்கும் தொடர்பில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்ததைப் போன்ற நாள்களில் சரக்கு வரத்து குறைந்தால், அது லாரி வர முடியாததால் ஏற்பட்ட குறைவு. சாலை திறந்ததும் சரியாகிவிடும். விளைச்சல் குறைந்ததென்று நினைத்து மறுநாளே இரு மடங்கு விலைக்கு முன்பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் நானே.

அடுத்த தவறு, மழையின் மொத்த அளவைக் கொண்டு விளைச்சலை அளப்பது. நெல்லுக்கும் ஏரிக்கும் பழகிய நம் மனம் "நல்ல மழை, நல்ல விளைச்சல்" என்றே எண்ணும். ஸ்ட்ராபெரிக்கு மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது நின்றது என்பதே முக்கியம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தாய்ச் செடிகளை மழைக்காலத்தில் நாற்றங்காலில் வைத்து, அவை விடும் ஓடுதண்டுகளிலிருந்து கன்றுகளைப் பிரித்து, ஆகஸ்ட் பிற்பகுதி முதல் அக்டோபர் வரை மேட்டுப்பாத்திகளில் நடுகிறார்கள். அதன் மேல் நெகிழித்தாளை நிலப்போர்வையாக விரித்துச் சொட்டுநீர் கொடுப்பார்கள். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ பறிப்பு தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை நீளும். மழை பிந்தினால் பாத்தி போட முடியாது. நட்ட கன்றின் குருத்தில் நீர் தேங்கினால் அது அழுகும். 2019-இல் தென்மேற்குப் பருவமழை நாட்டிலிருந்து விலகத் தொடங்கியதே அக்டோபர் 9-ஆம் தேதிதான். அப்போதைய வழக்கமான தேதி செப்டம்பர் 1. இத்தகைய ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் கேக்கை உள்ளூர் ஸ்ட்ராபெரியை நம்பித் திட்டமிடுவது ஆபத்து. அதே ஆண்டின் பிப்ரவரிச் சரக்கு குறையும் என்று அதைக் கொண்டு முடிவு செய்வதும் பிழை. தாமதம் வேறு, இழப்பு வேறு.

இன்று பெட்டியில் இருக்கும் பழத்தைப் பார்த்து இன்றைய வானிலையைக் குறை சொல்வதுதான் நான் அதிகம் செய்த தவறு என்பதால், அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பூ மலர்ந்ததிலிருந்து பழம் சிவக்க ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து வாரம் ஆகும். குளிர் மிகுந்தால் இன்னும் சில நாள் கூடும். எனவே ஜனவரி 20-ஆம் தேதி கோயம்பேட்டில் இறங்கும் பெட்டியில் டிசம்பர் நடுப்பகுதியின் வானிலைதான் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்ட்ராபெரியின் மேல்தோலில் விதை போலத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் உண்மையில் ஒரு தனிக் கனி. ஒரு பூவில் நூற்றுக்கும் மேற்பட்ட அப்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் சேர்ந்தால்தான் அதைச் சுற்றிய சதை உப்பும். மூடுபனியோ தூறலோ தேனீக்களை இரண்டு நாள் கூட்டிலேயே அடைத்துவிட்டால், மகரந்தம் சேராத பக்கம் சுருங்கிப் பழம் கோணலாகிவிடும். ஆகவே பெட்டியில் கோணல் பழம் மிகுந்திருந்தால், வியாபாரி மட்டச் சரக்கைக் கலந்துவிட்டார் என்று சண்டை போடுவதற்கு முன், ஒரு மாதத்துக்கு முந்தைய வானிலை அறிக்கையைப் புரட்டுவது நல்லது. சாம்பல் நிறப் பூஞ்சணமும் இப்படித்தான். ஈரமான நாள்களில் பூவுக்குள் புகும் அந்தப் பூஞ்சை, காய் பச்சையாக இருக்கும் வரை அடங்கிக் கிடந்து, பழம் சிவந்து இனிப்பு ஏறும்போது வெளிப்படும். தோட்டத்தில் பளபளவென்று இருந்த பழம் மூன்றாம் நாள் நம் குளிர்பெட்டியில் பஞ்சு போர்த்திக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. அறுவடைக்கு முதல் நாள் பெய்யும் மழையோ, உடனே பழத்தை மென்மையாக்கி, அந்த வாரத்துச் சரக்கையே கெடுத்துவிடும். ஆக, மழைச் செய்தி ஒன்று காதில் விழுந்தால், அது செடி எந்தக் கட்டத்தில் இருக்கும்போது பெய்த மழை என்று கேட்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

குளிரைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. மார்கழியில் ஊட்டியின் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் படங்கள் நாளிதழில் வந்ததும், "குளிர்ப் பயிருக்கு இது நல்ல காலம்" என்று பலரும் நினைக்கிறார்கள். நாம் பனி என்று சொல்லும் பனித்துளியும் உறைபனியும் ஒன்றல்ல. ஸ்ட்ராபெரிக்கு ஏற்றது பகலில் 22 முதல் 25 டிகிரி செல்சியஸும், இரவில் 7 முதல் 13 டிகிரியும். உறைநிலைக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே மலர்ந்த பூவின் நடுப்பகுதி கருகிவிடும். வெள்ளை இதழ்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சிரித்துக்கொண்டிருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஸ்ட்ராபெரி பயிரிடுவோர் சிலர் பசுமைக்குடில்களை நாடுவதற்கு மழையோடு இந்த உறைபனியும் ஒரு காரணம். அம்மலைகள் இரண்டு பருவமழைகளையும் பெறுபவை. அவற்றின் வரத்தை மகாபலேஷ்வரின் நாட்காட்டியில் பொருத்திப் பார்ப்பதும் சரியாகாது.

பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி நீர் வழக்கத்தைவிடச் சூடாவதைக் குறிக்கும் எல் நினோ என்ற சொல் செய்தியில் வந்ததும் எல்லாப் பழத்துக்கும் ஒரே பலன் சொல்வது அண்மைக்காலப் பழக்கம். எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பொதுவாக வலுவிழக்கும். வடகிழக்குப் பருவமழையோ தமிழ்நாட்டில் பல நேரம் வலுக்கும். 2015-இல் தென்மேற்குப் பருவமழை நாடளவில் சராசரியைவிட 14 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டின் இறுதியில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. இதே நிகழ்வு பெரு நாட்டுக் கடற்கரையைச் சூடாக்கும். உலகிலேயே அதிகமாகப் புளூபெரி ஏற்றுமதி செய்யும் அந்நாட்டில் 2023-இன் குளிர்காலம் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்ததால், பூப்பு குறைந்து அறுவடை பிந்தியது. உலகச் சந்தையில் விலை ஏறியது. நம்மூர்ப் பேரங்காடியில் அக்டோபரில் விற்கும் புளூபெரி டப்பாவுக்கு மகாராஷ்டிரத்து மழையைக் காரணம் காட்டுவதில் பொருளில்லை; டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் நாட்டின் பெயரை முதலில் படிக்க வேண்டும். பெருவின் வரத்து செப்டம்பர் முதல் நவம்பர் வரை உச்சத்தில் இருக்கும். சிலியின் பழம் அதன் பின்னர் வரும்.

திராட்சையிலும் இதே கதைதான் என்பதால் சுருக்கமாகச் சொல்லலாம். தாவரவியலின்படி ஸ்ட்ராபெரி பெர்ரியே அல்ல; திராட்சைதான் அசல் பெர்ரி. நாசிக்கில் அக்டோபரில் கவாத்து செய்து, அதாவது கொடிகளை வெட்டிவிட்டு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை செய்வார்கள்; கவாத்துக்குப் பின் பூக்கும் தருணத்தில் பெய்யும் மழை அடிச்சாம்பல் நோயைக் கொண்டுவரும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையோ, தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்வதால், பள்ளத்தாக்கில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் எங்கேனும் பறிப்பில் இருக்கும். நாசிக்கின் ஆலங்கட்டி மழைச் செய்தியைக் காட்டிப் பன்னீர் திராட்சைக்கு விலை ஏற்றுபவரிடம் ஏமாற வேண்டியதில்லை.

முதல் வரத்தின் விலையைக் கொண்டு முழுப் பருவத்தையும் எடைபோடுவது இன்னொரு பிழை. முதலில் வருவது எப்போதும் குறைவாகவும் விலை கூடியதாகவும்தான் இருக்கும். அது பற்றாக்குறைக்கு அடையாளமன்று. தோட்டங்கள் ஒன்றுசேர்ந்து காய்க்கும் பிப்ரவரியில்தான் உண்மை நிலவரம் தெரியும். பழத்தின் அளவு அப்போது சிறுத்திருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்: கேக்கின் மேல் வைக்க முதல் வரத்துப் பெரும்பழம், ஜாமுக்கும் பழச்சாற்றுக்கும் பிப்ரவரிச் சிறுபழம் என்று பிரித்து வாங்குவதே லாபம். காம்பைச் சுற்றி வெள்ளையாக இருக்கும் பழத்தை "இரண்டு நாளில் பழுத்துவிடும்" என்று வாங்கவே கூடாது. ஸ்ட்ராபெரி மாம்பழத்தைப் போன்றதல்ல. செடியை விட்டு வந்த பின் சற்றுச் சிவக்கலாம், ஆனால் இனிக்காது. வாங்கியதும் கழுவி அடுக்குவதும் தவறு. பயன்படுத்தும் நேரத்தில் கழுவினால் போதும்.

கடைசியாக மொட்டை மாடித் தோட்டக்காரர்களுக்கு ஒரு சொல். பல ஸ்ட்ராபெரி வகைகள் குறுகிய பகலில் பூப்பவை. சென்னையில் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை என்பதால், பகலின் நீளம் இங்கே தடையில்லை. தடையாவது இரவின் வெப்பம். ஜனவரியிலும் நம் இரவுகள் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. நர்சரியில் பூவோடு விற்ற ஆறு தொட்டிகளை நானும் ஓர் அக்டோபரில் வாங்கினேன். குருத்து மண்ணுக்குள் புதையும்படி ஆழமாக நட்டதால் மழையில் நான்கு அழுகின. மீதி இரண்டும் தை மாதத்தில் விரல் நுனியளவு பழம் சிலவற்றைத் தந்துவிட்டுப் பங்குனி வெயிலில் கருகின. செடி வாங்குவதாயின் மழை ஓய்ந்த பின், டிசம்பர் கடைசியில் வாங்கி, குருத்து மண்மட்டத்துக்கு மேலே தெரியும்படி நட்டு, ஒரு பருவத்துக்கான செடி என்றே எண்ணி வளர்க்கலாம். புளூபெரிக்கு 4.5 முதல் 5.5 வரை கார அமில நிலை (pH) உள்ள புளிப்பு மண் தேவை. நம் ஆழ்துளைக் கிணற்று நீரோ பல இடங்களில் காரத்தன்மை மிகுந்தது என்பதால், அதில் பணத்தைப் போடாதிருப்பதே மேல். அந்தத் தொட்டியில் ஒரு மல்பெரிக் குச்சியை ஊன்றி வைக்கலாம். நன்றாக வேர்பிடித்து வளர்ந்த பின் கிளைகளைக் கவாத்து செய்து இலைகளை உருவிவிட்டால், புதுத் தளிரோடு காயும் வரும். அதற்கு மகாபலேஷ்வரின் குளிர் தேவையில்லை, அணிலுக்கு முன்னால் எழுந்துகொண்டால் போதும்.