பிரிட்டோரியா வடிகால் மாடலை இசிப்பிங்கோவுக்கு மாற்றுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாப் புறநகர் ஒன்றுக்கு எஸ்.டபிள்யூ.எம்.எம். 5 என்ற மழைநீர்க் கணிப்பு மென்பொருளில் செய்த மழைநீர் வடிகால் மாடல் கையில் இருக்கிறது. புது வேலை டர்பனுக்குத் தெற்கே, புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும் இசிப்பிங்கோவில். பழையதிலிருந்து எடுக்கத் தகுந்தவை: தடுப்புக்குளக் கட்டுப்பாட்டு விதிகள், குழாய்ப் பொருளுக்கான மேனிங் எண்கள் (சொரசொரப்பு அளவுகள்), கணிப்பு அமைப்புகள். மண், மழை, அவுட்ஃபால் (நீர் வெளியேறும் முனை) மூன்றையும் புதிதாகத்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் பழைய கோப்பை ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஓட்டுங்கள். பழைய அறிக்கையில் உள்ள உச்சப் பாய்வு அப்படியே வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் மென்பொருள் பதிப்பு மாறியிருக்கும். அல்லது மழைக் கோப்பின் முகவரி வேறு யாருடைய கணினியையோ காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஆயத்தொலைவு. அதிகம் இடறுவது இங்கேதான். பிரிட்டோரியா எல்ஓ29, டர்பன் எல்ஓ31; அதாவது 29, 31 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைகளை நடுவாகக் கொண்ட வரைபட மண்டலங்கள். நம் நாட்டு முறையில் மேற்கே போகப் போக ஒய் கூடும், தெற்கே போகப் போக எக்ஸ் கூடும். குறிகளை மாற்றாமல் ஏற்றினால் வரைபடம் தலைகீழாக நிற்கும். 1999-க்கு முந்தைய வரைபடம் என்றால் அது கேப் டேட்டம் (பழைய அளவீட்டு அடிப்படை). புதிய டேட்டமான ஹார்ட்டபீஸ்ட்ஹுக்94-க்கு மாற்றியே சேருங்கள். குழாய் நீளம் தனி எண்ணாகப் பதிவாவதால், படம் தவறினாலும் கணக்கு ஓடிவிடும், பிழை வெளியே தெரியாது. நீளத்தைத் தானே கணக்கிடும் ஆட்டோ-லெங்த் இயக்கத்தில் இருந்தால் நிலைமை வேறு: புள்ளியை நகர்த்தினாலே நீளம் மாறிவிடும்.

டர்பன் கடலோர மேடுகளில் 'பெரியா' எனப்படும் செம்மணல், ஆற்றோரத் தாழ்வில் வண்டல். இரண்டுக்கும் ஒரே ஊடுருவல் எண் பொருந்தாது. நீர்ப்பிடிப்பை இரண்டாகப் பிரித்தால் அகலத்தையும் திரும்பக் கணக்கிடுங்கள்: பரப்பு வகுத்தல் மிக நீண்ட தரைவழிப் பாய்வுத் தூரம். பழைய அகலத்தை விட்டுவைத்தால் உச்சம் பொய்யாக உயரும்.

பிரிட்டோரியா இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநில மழை மாலை இடியோடு கொட்டி ஓய்வது. இங்கே அப்படியில்லை: 2022 ஏப்ரல் 11, 12-இல் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.-க்கு மேல் பெய்தது. குறுகிய புயல் மழையை மட்டும் வைத்துச் சோதித்த குளம் இதில் நிரம்பி வழியும். கழிமுகத்தில் விழும் குழாய்க்கு அவுட்ஃபாலை 'ஃப்ரீ' என்று விடாமல் 'டைடல்' ஆக்கி, ஓத (கடல்மட்ட ஏற்ற இறக்க) அட்டவணையைக் கொடுங்கள்; ஓத மட்டமும் குழாய் அடிமட்டமும் ஒரே டேட்டத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஓட்டம். தொடர்ச்சிப் பிழை (நீர்க் கணக்கு வரவு செலவில் இடிக்கும் அளவு) 10 சதவீதம் தாண்டினால் முடிவை நம்பாமல் நேரப்படியைக் குறைத்துப் பாருங்கள். எண்களைத் திருத்தப் பயன்படுத்தாத ஒரு மழையையாவது கடைசிச் சோதனைக்கென ஒதுக்கி வையுங்கள்.