அமெரிக்காவில் கார் விற்கிறீர்களா? மைல் கணக்கை இப்படி எழுதுங்கள்

அமெரிக்காவில் காரைக் கைமாற்றும்போது அது எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று வாங்குபவருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். இது கூட்டரசுச் சட்டம். வண்டி யாருக்குச் சொந்தம் என்று காட்டும் டைட்டில் பத்திரத்திலேயே பொதுவாக இதற்கு இடம் இருக்கும்.

'பழைய வண்டிதானே' என்று விட்டுவிடாதீர்கள். முன்பெல்லாம் 10 ஆண்டு தாண்டினால் விலக்கு உண்டு. 2021 முதல் விதி மாறிவிட்டது: 2011 மாடலும் அதற்குப் பிந்தையவையும் என்றால் 20 ஆண்டுவரை எழுதியே ஆகவேண்டும். 2011 மாடலுக்கே 2031இல்தான் விலக்கு வரும்.

ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டும் டிரிப் மீட்டரைப் பார்த்து எழுதிவிடாதீர்கள், வண்டி ஓடிய மொத்த தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரைப் பாருங்கள். புள்ளிக்குப் பின் வரும் எண் வேண்டாம், 84,312.7 என்று காட்டினால் 84,312 போதும். அப்புறம் பத்திரத்தில் இருக்கும் கட்டங்களை நிதானமாகப் படியுங்கள். 'இது உண்மையான மைல் அல்ல' என்ற கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்தால் அது வண்டியின் பதிவிலேயே ஏறி, விலையைக் கெடுத்துவிடும். எண் தப்பாகிவிட்டால் அதன் மேலேயே அடித்துத் திருத்தவேண்டாம், உங்கள் மாநில மோட்டார் வாகன அலுவலகத்தைக் கேளுங்கள்.

வாங்குபவர்கள் ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டகத்தையும் பாருங்கள். மீட்டரை மாற்றி, பழைய எண்ணை அதில் வைக்க முடியாமல் போனால், பூஜ்யத்தில் தொடங்கி, பழைய மைலையும் மாற்றிய தேதியையும் அங்கே ஒட்டியிருக்கவேண்டும்.

சாவியைக் கொடுக்கும் முன் மீட்டரையும் கையெழுத்தான பத்திரத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.