குமரியில் கடலைப் பாருங்கள், ஆற்றில் குளியுங்கள்

பள்ளி விடுமுறை விட்டால் மதுரை, சென்னை சொந்தங்கள் எல்லாம் எங்கள் வீட்டில் வந்து இறங்குவார்கள். நான் பிறந்தது முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர், வேலை பார்ப்பது நாகர்கோவிலில், டீச்சராக. அதனால் ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு எனக்கு. பாறை, சிலை, கண்ணாடிப் பாலம், அருவி, தொட்டிப்பாலம் என்று ஆளுக்கொரு பட்டியல் கொண்டுவருவார்கள். நான் போனிலேயே கேட்டுவிடுவேன்: "எந்த மாசம் வாறிய?" எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மாதத்தைப் பொறுத்துத்தான் எந்த இடத்துக்குப் போகலாம், எங்கே தண்ணீரில் இறங்கலாம் என்று முடிவுசெய்ய முடியும்.

முதலில் கடல். இதைச் சொல்லாமல் மற்ற எதையும் சொல்ல எனக்கு மனம் வராது.

எங்கள் மேற்குக் கரையில் பல இடங்களில் மணல் சட்டென்று சரிந்து ஆழமாகிவிடும். இடுப்பளவு தண்ணீர் என்று நினைத்து நிற்கிறவருக்கு அடுத்த அடியில் தரை இருக்காது. அப்பா கடலுக்குப் போனவர். அவரே எங்களைக் கடலில் குளிக்க விட்டதில்லை. கரைக்குப் போனதும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். சின்ன அலைகளாக வந்துகொண்டிருக்கும்போதே பெரிய அலைகள் இரண்டு மூன்று அடுத்தடுத்து வரும். அதைப் பார்க்காமல் அவசரப்பட்டு இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாறையில் உட்காருவதானால் நனைந்த கோடு எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே, காய்ந்த பாறையில் மட்டும் உட்காருங்கள். வள்ளங்களை வழக்கத்தைவிட மேலே இழுத்துவைத்திருந்தால் அன்றைக்குத் தண்ணீர்ப் பக்கமே போகவேண்டாம். கடலுக்குள் கல் கொட்டிக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளில் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம். கல் முழுக்கப் பாசி, இடுக்கு முழுக்க ஆழம்.

இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரை தள்ள, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகவும் கலங்கலாகவும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் இறங்கத் தோதான இடமாகப் படும். கரையேறிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து கடலுக்குத் திரும்பி ஓடுகிற வழி அது. அதில் சிக்கியவர் கரையைப் பார்த்து நேராக நீந்தினால் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அலையோடு சேர்ந்து கரையேற வேண்டும். இதை என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் படம் போட்டுக் காட்டுவேன்.

கள்ளக்கடல் இன்னும் பொல்லாதது. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் புயல் கிளப்பிவிடும் நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் ஏறும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். கோடை விடுமுறை நாட்களான ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படி ஒரு நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்திகளிலும் வருகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். எச்சரிக்கை உள்ள நாளில் கால் நனைக்கக்கூட வேண்டாம்.

அப்படியானால் கடலை எங்கே அனுபவிப்பது? நடக்க சொத்தவிளை. மணல் நீண்டு கிடக்கும், காலையிலோ மாலையிலோ கரையோரமாக நடந்துகொண்டே இருக்கலாம். உட்கார்ந்து பார்க்க முட்டம். பெரிய பாறைகளும் செம்மண் மேடும் கலங்கரை விளக்கமும் ஒரே இடத்தில். வட்டக்கோட்டை கன்னியாகுமரியிலிருந்து கொஞ்ச தூரம்தான். திருவிதாங்கூர் காலத்துக் கருங்கல் கோட்டை. மதில்மேல் ஏறி நின்றால் முன்னால் கடல், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. நிழல் குறைவு, மதியத்தில் போகாதீர்கள்.

கன்னியாகுமரி முனையில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, அப்படியே விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு வரிசையில் நின்றுவிடுவது நல்லது. எட்டு மணிக்குப் படகு தொடங்கும். கடல் கொந்தளித்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகை நிறுத்திவிடுவார்கள். முன்பெல்லாம் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடும், பக்கத்துப் பாறையிலுள்ள வள்ளுவர் சிலைக்குப் பல நாள் ஓடாது. 2024 டிசம்பர் கடைசியில் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு அந்த ஏமாற்றம் இல்லை. முனையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். ஆனி, ஆடியில் சூரியன் வடமேற்கே ஒதுங்கிவிடும், மேகமும் மறைக்கும். சித்திரைப் பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழும். வானம் தெளிவாக இருந்து அதைப் பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மருந்துவாழ்மலை. நாகர்கோவில்-கன்னியாகுமரி சாலையில் பொற்றையடி பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடம். ஏறத்தாழ 800 அடி உயரம்தான், ஆனாலும் மூச்சு வாங்க வைக்கும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்பார்கள். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை மேலே இருக்கிறது. ஆறு மணிக்கு முன்பே ஏறத் தொடங்குங்கள், பாறை சூடேறும் முன் இறங்கிவிடலாம். கீழே படிகள் இருக்கும், மேலே போகப்போகப் பாறையில் கால் ஊன்றி ஏறவேண்டும். வழுக்காத செருப்போ ஷூவோ வேண்டும். தண்ணீரும் பழமும் முதுகுப் பைக்குள்ளே இருக்கட்டும். கையில் பாலித்தீன் பையைத் தொங்கவிட்டால் குரங்கு பறித்துவிடும். உச்சியில் நின்றால் வயலும் குளமும் தென்னந்தோப்பும் அதற்கப்பால் கடலும் சுற்றிவரத் தெரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று பலமாக வீசும், அப்போது விளிம்புக்குப் போகாதீர்கள். மூலிகை என்று எதையும் பறித்து வராதீர்கள்.

அதே சாலையில் சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும் உண்டு. 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் விடிகாலையில் வந்தால் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான் எல்லாம் பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் எடுத்துவாருங்கள்.

குளிக்க ஆசையென்றால் மலைப் பக்கம் போங்கள். திற்பரப்பில் கோதையாறு அகலமாக விழும். கைப்பிடிக் கம்பிகள் இருப்பதால் வயதானவர்களும் நிற்கலாம். பிள்ளைகளுக்கு ஆழமில்லாத குளம் தனியாக உண்டு. போவதற்கு முன் செய்தித்தாளில் பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் பாருங்கள். மொத்தம் 48 அடி. அதை நெருங்கினால் உபரி நீரைத் திறப்பார்கள், அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். இன்னொரு குளியல் இடமான காளிகேசம், கீரிப்பாறை வழியாகப் போனால், காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை விடுகிற நேரத்தில் மட்டும் போய், சொல்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். மலையில் கறுத்திருந்தாலோ, தண்ணீர் திடீரென்று கலங்கிச் சருகோடு வந்தாலோ உடனே கரையேறுங்கள். மேலே பெய்த மழை கீழே வெயில் அடிக்கும்போதும் வெள்ளமாக வந்துவிடும்.

திற்பரப்பிலிருந்து திரும்பும்போது மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-இல் கட்டி முடித்தது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. மேலே நடைபாதையில் நடக்கலாம். உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் படியிறங்கிக் கீழே ஆற்றங்கரையிலிருந்து தூண்களை அண்ணாந்து பாருங்கள், அதுவே நல்ல காட்சி. நேரமிருந்தால் சிதறால் மலைக்குப் போங்கள். கல் பாவிய வழியில் ஏறினால் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள், ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. மதிய வெயிலுக்குப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை பொருத்தம். உள்ளே மரங்கள் அடர்ந்த பூங்கா, மான்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறையும் அங்கேதான். பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில்தான், திங்கட்கிழமை பூட்டியிருக்கும்.

சாப்பாட்டுக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கேளுங்கள். வழியில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டால் பிள்ளைகள் பசி தாங்கும். பங்குனி, சித்திரையில் அக்கானி (பதநீர்) கிடைக்கும், காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும். ஜூன், ஜூலையில் மேற்குக் கரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை கூடுதலாகத்தான் இருக்கும்.

கார் இல்லையென்று தயங்கவேண்டாம். நாகர்கோவிலிலிருந்து இந்த இடங்கள் பலவற்றுக்கு அரசுப் பேருந்து உண்டு, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உட்கிராமங்களுக்குச் சாயங்காலத்துக்கு மேல் வண்டி குறையும். இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்புகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் யாருக்காவது ஆபத்தென்றால் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, ஆம்புலன்சுக்கு 108. நீங்களாகத் தண்ணீரில் குதிக்காமல், கரையில் நிற்கிற மீனவர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.