வெடிச் சத்தம் கேட்பதற்கு முன்: கொழும்பில் குருதிக்கொடை வழங்குவது எப்படி

1996 ஜனவரி 31ஆம் திகதி முற்பகல் கொழும்புக் கோட்டைப் பகுதியில் மத்திய வங்கிக்கு முன்னால் வெடிமருந்து ஏற்றிய லொறி வெடித்தபோது 91 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 1,400 பேர் காயமடைந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் முதலாவதாக ஏற்றப்படுவது, செய்தி கேட்டு ஓடிவந்தவர்கள் கொடுத்த குருதி அன்று. ஒரு வாரமோ மூன்று வாரமோ முன்னர், எவ்வித பதற்றமும் இல்லாத ஒரு காலையில் யாரோ கொடுத்துவிட்டுப் போய், பரிசோதிக்கப்பட்டுக் குளிரூட்டியில் காத்திருந்த குருதியே அது. எனவே, போர்க்காலத்திலும் சரி, அதுபோன்ற நெருக்கடியிலும் சரி, கொடை வழங்க விரும்புபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த நாளில் போவது என்பதைத்தான்: இன்று எதுவும் நடக்கவில்லை என்றால், இன்றே போங்கள்.

இதற்குக் காரணம் குருதியின் இயல்பிலேயே இருக்கிறது. எடுக்கப்பட்ட ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கப்பட்டுக் கூறுகளாகப் பிரிக்கப்படுவதற்குப் பல மணி நேரம் செல்லும். செங்குழியங்களை 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில், பயன்படுத்தும் பாதுகாப்புக் கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாட்கள் வைத்திருக்கலாம். குருதி உறைய உதவும் சிறுதட்டுகளை 5 நாட்கள் மட்டுமே வைத்திருக்கலாம். ஒரே நாளில் ஆயிரம் பேர் கொடுத்தால் அந்தப் பைகள் ஒரே காலத்தில் காலாவதியாகும்; கொடுத்த ஆயிரம் பேரும் அடுத்த 4 மாதங்களுக்குக் கொடுக்க முடியாதவர்களாகிவிடுவர். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல் இலண்டனைச் சுற்றி லூட்டன், ஸ்லோ, சட்டன், மெய்ட்ஸ்டன் ஆகிய நான்கு இடங்களில் குருதிக் களஞ்சியங்களை அமைத்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். முதற்குண்டு விழுவதற்கு வெகுமுன்பே கொடையாளிகளைப் பதிவு செய்து, அவர்களது குருதிப் பிரிவையும் கண்டறிந்து வைத்தார்கள்.

கொழும்பில் நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய குருதி நிலையத்துக்குப் போகலாம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் களுபோவில வைத்தியசாலையின் இரத்த வங்கி அருகில் இருக்கிறது. கோயில், பன்சலை, பாடசாலை, அலுவலகங்களில் நடக்கும் முகாம்களும் உண்டு. வயது 18க்கும் 60க்கும் இடையில், எடை 50 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சென்ற கொடையிலிருந்து 4 மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள் கொடுக்கலாகாது.

தேசிய அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து போக வேண்டியிருந்த நம்மவர்களில் சிலர், அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிவதற்கே தயங்கியதை நான் அறிவேன். அங்கே அட்டை கேட்பது கொடையாளியை உறுதிப்படுத்தவும், பரிசோதனையில் ஏதேனும் தெரிந்தால் அவருக்கு அறிவிக்கவுமே. நோயாளியின் கட்டிலருகே தொங்கும் பையில் உங்கள் பெயர் இராது. இலக்கமும் குருதிப் பிரிவும் திகதிகளுமே இருக்கும்.

முதல் நாள் இரவு நன்றாக உறங்குங்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடியுங்கள். நான் முதன்முறை கொடுத்த அன்று வெறும் தேநீரோடு போய், எழுந்து நின்றதும் கண் இருண்டு, தாதி ஒருவர் தாங்கிப் பிடிக்கும் நிலைக்கு ஆளானேன். இடியப்பம் இரண்டு சாப்பிட்டிருந்தால் அது நேர்ந்திராது. அண்மையில் அஸ்பிரின் எடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். அது சிறுதட்டுகளின் செயலைக் கெடுக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம் வினாப்படிவமும் அதன் பின் வைத்தியரோடு பேசுவதும் ஆகும். நோய்த்தொற்று ஏற்பட்டுச் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ எந்தப் பரிசோதனையிலும் அது தென்படாமல் போகலாம் என்பதால், அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது உங்கள் உண்மையான விடை ஒன்றே. படிவத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் கேளுங்கள். ஒரு கேள்வியேனும் விளங்காவிட்டால் ஊகித்து எழுதாமல் விளக்கம் கேளுங்கள். நண்பர்களோடு கூட்டமாகப் போய், அவர்கள் முன்னிலையில் உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதைவிட, இன்று முடியாது என்று திரும்பிவிடுவது எவ்வளவோ மேல்.

குருதி எடுக்கப் பத்து நிமிடமளவே ஆகும். ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் எடுப்பார்கள். பிறகு சற்றுப் படுத்திருந்து, தருவதைக் குடித்துவிட்டு எழுங்கள். அன்று பாரம் தூக்க வேண்டாம். இழந்த நீர்மம் ஓரிரு நாளில் ஈடாகும். செங்குழியங்கள் மீளச் சில வாரங்கள் ஆகும்.

வெடிப்பு நிகழ்ந்த செய்தி வந்தால், வைத்தியசாலை வாசலுக்கு விரைய வேண்டாம். அந்த வீதி அம்புலன்ஸ்களுக்கு வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குருதி கொடுக்க வரிசையில் நின்ற மக்களை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. ஆயினும் இரத்த வங்கி எந்தப் பிரிவு தேவை என்று அறிவிக்கும்வரை வீட்டில் காத்திருங்கள். உங்கள் பிரிவு கேட்கப்படவில்லை என்றால், மூன்று நான்கு வாரம் கழித்து வரும் ஒரு திகதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, அன்று போங்கள். முதற்சிகிச்சைக்குப் பின் மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்படும் காயக்காரர்கள் அப்போதும் விடுதியிலேயே இருப்பார்கள்.