பழைய பிரெஞ்சு இரட்டைக்குழல் துப்பாக்கி: அடியில் உள்ள முத்திரைகளைப் படிப்பது எப்படி?

பழைய பிரெஞ்சு வேட்டைத் துப்பாக்கியில் முதலில் கண்ணில் படுவது, இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் பொறித்த பெயர். அதைப் படித்துவிட்டு 'இன்னார் செய்தது' என்று முடிவு கட்டாதீர்கள். சின்ன ஊர்க் கடைக்காரர்கள் பலர், செயின்ட் எத்தியென் நகரிலோ பெல்ஜியத்தின் லியேஜிலோ செய்த துப்பாக்கியை வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். மேலே இருப்பது பெரும்பாலும் விற்றவர் பெயர். மற்ற விவரமெல்லாம் குழலுக்கு அடியில்.

படி 1: கழற்றுங்கள்

தோட்டா அறைகள் இரண்டும் காலியா என்று முதலில் பாருங்கள். அப்புறம் குழலுக்குக் கீழே கைபிடிக்கும் மரத்துண்டான முன்கட்டையைக் கழற்றி, துப்பாக்கியை மடக்கிக் குழலைத் தனியே எடுங்கள். டார்ன் வகை மட்டும் விதிவிலக்கு: அதில் குழல் மடங்காது, பின்பக்கப் பூட்டுதான் நழுவிப் பின்னால் வரும்.

குழலின் பின்முனையில், அடிப்பக்கத்தில் தட்டையான பகுதி தெரியும். முத்திரைகள் அங்கேதான். மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அழிந்த முத்திரை திரும்ப வராது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும்.

படி 2: எந்த ஊர்ச் சோதனை?

சோதனை என்பது, வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து போட்டுச் சுட்டுக் குழல் தாங்குகிறதா என்று பார்ப்பது. தாங்கினால் முத்திரை குத்துவார்கள். குறுக்காக வைத்த இரண்டு ஓலைக்கிளைகள், அல்லது கிரீடத்துடன் ஊர்ப்பெயர் இருந்தால் செயின்ட் எத்தியென். அந்த ஊரின் சின்னத்திலும் இதே ஓலைகளும் கிரீடமும் உண்டு. முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் இருந்தால் லியேஜ். அதன் மேல் கிரீடம் சேர்ந்தது 1893இல். ஆகவே கிரீடம் இல்லாத முட்டை என்றால் குழல் அதற்கு முந்தியது.

ஒன்றுமே இல்லையா? உடனே போலி என்று சொல்லிவிட முடியாது. நெப்போலியன் ஆட்சியில் 1810 டிசம்பர் 14 ஆணை சோதனையைக் கட்டாயமாக்கியது. அப்போது லியேஜும் பிரான்ஸின் கீழ்தான் இருந்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரான்ஸில் அது செய்பவர் விருப்பமாகிவிட்டது. ஆனால் முத்திரை இல்லாத குழல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்குச் சான்றும் இல்லை.

படி 3: எந்த வெடிமருந்து?

உயிர் சம்பந்தப்பட்டது இதுதான். கிரீடத்துக்குக் கீழே பி, டி என்ற இரண்டு எழுத்து இருந்தால், 'டி' என்ற புகையில்லா மருந்தில் சோதித்தது. ஜே, எஸ், எம் என்ற மருந்துகளும் இருந்தன. அவற்றின் முத்திரையும் 'பி'யில்தான் தொடங்கும். இப்படி எதுவும் இல்லாவிட்டால், புகை கக்கும் பழைய கருமருந்துக்கான துப்பாக்கி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அது தாங்காமல் போகலாம். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த, கோடு கோடாக ஓடும் டமாஸ்கஸ் குழலானால் இரட்டிப்பு எச்சரிக்கை.

படி 4: எண்கள்

12, 16, 20 என்பவை போர் (bore) அளவு, அதாவது குழல் துளையின் அளவைக் குறிக்கும் எண். பிரெஞ்சு வேட்டைக்காரர்களுக்கு 16 போர் மேல் தனிப் பிரியம். பக்கத்தில் 65 இருந்தால் தோட்டா அறையின் நீளம் 65 மி.மீ. இன்று பரவலாகக் கிடைக்கும் 70 மி.மீ. தோட்டா அதற்குள் சிக்கலின்றி நுழையும், ஆபத்தே அங்குதான். சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

18.4 போன்ற எண் குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். இன்று அளந்து பார்த்து அது கூடியிருந்தால், துருவை எடுக்க யாரோ உள்ளே கடைந்திருக்கிறார்கள். சுவர் அந்த அளவுக்கு மெலிந்திருக்கும். எவ்வளவு மிச்சம் என்பதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் கருவி வைத்து அளக்கட்டும். கிலோ கணக்கில் எண் இருந்தால் அது பெரும்பாலும் குழலின் எடை.

படி 5: பெயர்கள்

குழல் செய்தவர் தனி, துப்பாக்கி செய்தவர் தனி. பாரிஸின் லெயோபோல் பெர்னார் பெயர் குழலில் இருந்தால், அவர் குழல் மட்டும் செய்தவராக இருக்கலாம். ஹோல்ட்சர் என்பது செயின்ட் எத்தியென் பக்கத்து உனியூ ஊரின் எஃகு ஆலை. பின்னாளில் மானுஃப்ரான்ஸ் என்று பெயர் பெற்ற கம்பெனியை 1885இல் மிமார், பிளாஷோன் இருவரும் தொடங்கினார்கள், 'ஐடியல்' என்ற துப்பாக்கி வகை அவர்களுடையது.

எஸ்.ஜி.டி.ஜி. என்ற நான்கு எழுத்தைப் பார்த்து அரசு முத்திரை என்று மகிழ்பவர்கள் அதிகம். 'அரசின் உத்தரவாதம் இல்லாத காப்புரிமை' என்பதன் சுருக்கம் அது. 1844 சட்டத்தில் வந்து 1968 வரை புழங்கியதால், அதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.